கையெழுத்தால் போர் நடத்தியவர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ராபர்ட் மோரிஸ் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அமெரிக்க விடுதலைப் போரின் கஜானாவை நடத்தியவர், பென்சில்வேனியா மாநிலத்தின் ஆரம்பகாலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர், கடைசியில் கடனுக்காகச் சிறைக்குப் போனவர் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். "இப்படிப் பாதியில் விட்டால் எப்படி?" என்று கேட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. வங்கியில் கடன் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் எனக்கும் இவரை அவ்வளவு சுலபத்தில் விட மனமில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான்.

கேள்வி: மோரிஸ் பிறவிப் பணக்காரரா, கீழிருந்து வந்தவரா?

இரண்டுக்கும் நடுவில். 1734-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தார். அப்பா மேரிலாந்தில் ஆக்ஸ்போர்டு என்ற துறைமுக ஊரில், ஒரு ஆங்கிலேய வணிக நிறுவனத்துக்குப் புகையிலை கொள்முதல் செய்துகொண்டிருந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயதானபோது அங்கே வரவழைத்துக்கொண்டார். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிலடெல்பியாவில் சார்லஸ் வில்லிங் என்ற பெரிய வணிகரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். 1750-இல் அப்பா இறந்துபோனார். அவருக்கு மரியாதை செய்யக் கப்பலிலிருந்து பீரங்கி வெடித்தார்கள். குழாயை அடைத்திருந்த பொதி பறந்து வந்து அவர்மேல் பட்டது. காயம் சீழ் பிடித்து உயிர் போயிற்று.

அப்புறம் அந்தப் பையன் நின்றது தன் காலில்தான். 1757-இல் முதலாளியின் மகன் தாமஸ் வில்லிங் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். எடுபிடியாக நுழைந்த கடையில் இருபத்து மூன்று வயதில் பங்கு! கப்பல், மாவு, சர்க்கரை, காப்பீடு, நாடு விட்டு நாடு செல்லும் உண்டியல் (பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு) என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். பிலடெல்பியாவின் முதல் வரிசை நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

கேள்வி: அவருடைய நிறுவனம் அடிமை வியாபாரமும் செய்ததாமே? அதை ஏன் எழுதவில்லை?

போன முறை இடம் இல்லை. அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்லக்கூடாது என்பது உண்மை. வில்லிங், மோரிஸ் நிறுவனம் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களை விற்றது. மாவையும் சர்க்கரையையும் விற்ற அதே விளம்பரப் பத்திகளில் அவர்களையும் விற்றது. மோரிஸ் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே என்று சிலர் சொல்வார்கள். அதே பிலடெல்பியாவில் அதே ஆண்டுகளில் அடிமை முறை பாவம் என்று வாய்விட்டுச் சொன்ன குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

கேள்வி: விடுதலைக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் எப்படி விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்?

பதின்மூன்று காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில், 1776 ஜூலை 1-ஆம் தேதி எதிர்த்து ஓட்டுப் போட்டார். பிரிட்டனோடு சண்டை சரி, ஆனால் உறவை வெட்டிக்கொள்ள இன்னும் நேரம் வரவில்லை என்பது அவர் எண்ணம். மறுநாள் அவரும் இன்னொரு பென்சில்வேனியாப் பிரதிநிதியான ஜான் டிக்கின்சனும் சபைக்குள் வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அதனால் பென்சில்வேனியாவின் ஓட்டு விடுதலைப் பக்கம் விழுந்தது. ஆகஸ்டில் கையெழுத்தும் போட்டார். ஊர் முடிவு செய்துவிட்டபின் முரண்டு பிடிப்பதில்லை என்பது அவர் வழி. விடுதலைப் பிரகடனம், முதல் கூட்டமைப்பு ஒப்பந்தம், பிற்பாடு வந்த அரசியல் சட்டம் ஆகிய மூன்றிலும் கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரோஜர் ஷெர்மன், இன்னொருவர் இவர்.

கேள்வி: தன் சொந்தக் காசைப் போட்டுப் போரை நடத்தினார் என்று பள்ளிப் புத்தக பாணியில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? (கூட்டுறவு வங்கி ஊழியர் ஒருவர்)

நம் தொழில்காரர் கேட்கும் கேள்வி! நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் போட்டது சொந்தக் காசு கொஞ்சம், சொந்தப் பேர் நிறைய. முதலில் நிலைமையைப் பாருங்கள். காங்கிரஸ் சபைக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், அவர்கள் தருவதும் இல்லை. ஆகவே காகிதப் பணம் அடித்தார்கள். கிட்டத்தட்ட 24 கோடி டாலர். 1780-இல் அதே காங்கிரஸ், பழைய நாற்பது டாலருக்கு ஒரு டாலர் என்று கணக்கை இறக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதற்கும் மதிப்பில்லை. அரசாங்கம் கையெழுத்துப் போட்ட தாளை ஒரு மூட்டை கோதுமைக்குக்கூட எவரும் வாங்க மாட்டேன் என்ற நேரத்தில், ராபர்ட் மோரிஸ் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கினார்கள். விஷயம் இதுதான்.

1776 டிசம்பரில் இதன் முதல் காட்சி நடந்தது. பிரிட்டிஷ் படை நெருங்கிவிட்டது என்று காங்கிரஸ் பால்டிமோருக்கு ஓடிவிட்டது. மோரிஸ் பிலடெல்பியாவிலேயே இருந்தார். வாஷிங்டனின் படைவீரர்கள் பலருக்கு ஆண்டுக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஆறு வாரம் இருந்தால் தலைக்குப் பத்து டாலர் தருகிறேன் என்று வாஷிங்டன் வாக்குக் கொடுத்துவிட்டார். கையில் பணம் இல்லை. மோரிஸுக்கு ஆள் அனுப்பினார். அவர் திரட்டி அனுப்பிய நாணயங்களைப் பார்த்தால் ஊரெல்லாம் துழாவியது தெரியும்: 410 ஸ்பானிய டாலர், கூடவே பிரெஞ்சு நாணயமும் ஆங்கிலேய ஷில்லிங்கும் கலந்து. அதற்கடுத்து, புத்தாண்டு அன்று காகிதப் பணமாக 50,000 டாலர் அனுப்பிவைத்தார்.

1781 பிப்ரவரியில் காங்கிரஸ் அவரை நிதிக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. உடனே ஒத்துக்கொள்ளவில்லை. என் சொந்த வியாபாரத்தை விடமாட்டேன், பொதுப் பணத்தைக் கையாளும் எவரையும் நீக்கும் அதிகாரம் எனக்கு வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார். சபையில் பலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் வேறு வழி இல்லை, கொடுத்தார்கள்.

பதவிக்கு வந்ததும் தன் பெயரிலேயே நோட்டுகள் வெளியிட்டார். பார்த்தவுடன் பணம் தருவது ஒரு வகை, தவணை கழித்துத் தருவது இன்னொரு வகை. ராபர்ட்டுக்குச் செல்லப் பெயர் பாப் என்பதால் நீள பாப், குட்டை பாப் என்று ஜனங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். படைக்கு உணவு வாங்குவதை அதிகாரிகள் கையிலிருந்து எடுத்து, குறைந்த விலை கேட்பவருக்குக் குத்தகை என்று டெண்டர் முறைக்கு மாற்றினார். செலவு நன்றாகக் குறைந்தது. 1782 இலையுதிர் காலத்தில் குத்தகைக்காரர்களுக்கே கொடுக்கப் பணமில்லாமல் அந்த ஏற்பாடும் குலைந்தது.

யார்க்டவுன் போருக்குப் போகும் வழியில் வடக்கத்திப் படைகள் பிலடெல்பியாவைக் கடந்தபோது வீரர்கள் முணுமுணுத்தார்கள். பல மாதம் சம்பளம் இல்லை. ஒரு மாதச் சம்பளமாவது வெள்ளியில் கொடுங்கள் என்று வாஷிங்டன் கேட்டார். மோரிஸ் போய் நின்றது பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம். 20,000 டாலர் கைமாற்று, அக்டோபர் முதல் தேதிக்குள் திருப்பித் தருவதாக வாக்கு. மேரிலாந்தில் ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் பீப்பாய்களில் வந்த வெள்ளி நாணயங்களை எண்ணி வீரர்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கெட்டிக் காசாக அவர்களில் பலர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதில் எவ்வளவு அவர் பணம்? பெரும் பங்கு பிரான்ஸ் கொடுத்த கடனும் உதவியும். மோரிஸ் செய்தது அந்தப் பணம் வந்து சேரும் முன்பே அதை நம்பித் தன் பெயரை அடகு வைத்தது. பணம் வராமல் போயிருந்தால் கடன்காரர்கள் நின்றிருப்பது அவர் வாசலில்தான். கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஜாமீன் கையெழுத்து என்றால் என்ன என்று தெரியும். நாட்டுக்கே ஜாமீன் போட்டவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கேள்வி: போர்க் காலத்தில் பதுக்கல்காரர் என்று அவரைச் சொல்லவில்லையா?

சொன்னார்கள், சத்தமாகவே. 1779-இல் பிலடெல்பியாவில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. மோரிஸ் சரக்கை இறக்கி விலையை ஏற்றுகிறார் என்று ஊர்க் குழு ஒன்று விசாரித்தது. பொதுப் பணத்தையும் தன் பணத்தையும் கலக்கிறார் என்று தாமஸ் பெயின் பத்திரிகையில் எழுதினார். காங்கிரஸ் குழு கணக்கைப் பார்த்துவிட்டுக் குற்றமில்லை என்றது. ஆனால் தெருவில் கோபம் தணியவில்லை. அந்த அக்டோபர் 4-ஆம் தேதி ஆயுதம் தாங்கிய குடிப்படையினர் ஜேம்ஸ் வில்சன் என்ற வழக்கறிஞரின் வீட்டை முற்றுகையிட்டார்கள். உள்ளே மோரிஸும் இருந்தார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதம் ஆனது, குதிரைப்படை வந்துதான் கூட்டம் கலைந்தது.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்றே ஆண்டு கழித்து, அரசாங்கத்துக்காக எழுதச் சொல்லி அதே பெயினுக்கு ஆண்டுக்கு 800 டாலர் ஏற்பாடு செய்தவர்களில் மோரிஸும் ஒருவர்.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினராக அவர் என்ன செய்தார்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான வாரம் 1786-இல் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் நடந்தது.

பின்னணி இது. 1776-இல் பென்சில்வேனியா எழுதிக்கொண்ட அரசியல் சட்டம் அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலானது. மேலவை கிடையாது, ஒரே சபை. கவர்னர் கிடையாது, ஒரு குழு. வரி கட்டும் ஆண்கள் ஓட்டுப் போடலாம், சொத்து இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் தேர்தல். ஆகவே மேற்கே மலைப்பக்கத்துக் குடியானவர்களும் நெசவாளர்களும் பிலடெல்பியா வணிகர்களுக்குச் சமமாக வந்து உட்கார்ந்தார்கள். மோரிஸுக்கு இந்தச் சட்டம் அறவே பிடிக்காது. ஆனாலும் அந்தச் சபைக்கு மீண்டும் மீண்டும் நின்று ஜெயித்தார்.

இனி வங்கி. நிதிப் பொறுப்பில் இருந்தபோது அவர் தொடங்கியது பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா. 1781 கடைசி நாளில் காங்கிரஸ் சாசனம், அதாவது வங்கி நடத்தும் உரிமைப் பத்திரம், கொடுத்தது; 1782 ஜனவரி 7-ஆம் தேதி திறந்தார்கள். மூலதனம் 4,00,000 டாலர் என்று திட்டம். தனியார் அவ்வளவு போடவில்லை. பாஸ்டனில் வந்திறங்கிய பிரெஞ்சு வெள்ளியை மாட்டு வண்டிகளில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து சுமார் இரண்டரை லட்சம் டாலருக்கு அரசாங்கத்தின் பெயரில் பங்கு வாங்கினார். அதே வங்கியிலிருந்து அரசாங்கத்துக்குக் கடன் வாங்கினார். வங்கியின் முதல் தலைவர்? பழைய கூட்டாளி தாமஸ் வில்லிங். மோரிஸும் பங்குதாரர். பென்சில்வேனியாவும் தன் பங்குக்கு ஒரு சாசனம் கொடுத்தது.

போர் முடிந்ததும் குடியானவர்கள் கேட்டார்கள்: இந்த வங்கி யாருக்கு? வணிகர்களுக்குச் சில வாரங்களில் திருப்பும்படி கடன் கொடுக்கிறது. விதைத்து அறுத்து விற்றுத்தான் பணம் பார்க்கும் எங்களுக்கு அந்தத் தவணை எதற்கு ஆகும்? மாநிலம் எங்களுக்காகக் காகிதப் பணம் வெளியிட்டால் அதற்கும் வங்கி முகம் சுளிக்கிறது. 1785 செப்டம்பரில் சட்டமன்றம் சாசனத்தை ரத்து செய்துவிட்டது.

மோரிஸ் அடுத்த சபைக்குள் இருந்தார். சாசனத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி 1786 மார்ச் கடைசியில் பல நாள் விவாதம் நடந்தது. மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் அதை அச்சிட்டதால் இன்றும் படிக்கலாம். எதிர்ப்பக்கம் நின்றவர் வில்லியம் ஃபிண்ட்லி. அயர்லாந்திலிருந்து வந்து நெசவு செய்தவர், மேற்கே வெஸ்ட்மோர்லாந்து கவுண்டிக்காரர். நாட்டின் பெரும் பணக்காரர் ஒரு பக்கம், அவர் மறுபக்கம்.

வங்கி இருப்பது ஊருக்கு நல்லது, இதில் எனக்குச் சொந்த லாபம் பெரிதல்ல என்ற ரீதியில் மோரிஸ் பேசினார். ஃபிண்ட்லி பதில் சொன்னார்: வங்கிப் பங்கு வைத்திருப்பவர்கள் வங்கிக்காக ஓட்டுப் போடுவது தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காருவது. உங்கள் நலனுக்காக நீங்கள் வாதாடுவது தவறில்லை, யாரும் செய்வார்கள். ஆனால் பொதுநலம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வாதாடாதீர்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேஜையைத் தட்டத் தோன்றும். 1781-இல் காங்கிரஸிடம் சொந்த வியாபாரத்தை விடமாட்டேன் என்று நிபந்தனை போட்டார் அல்லவா, அதற்கு யாரும் கேட்காத கேள்வியை ஐந்து ஆண்டு கழித்து ஒரு நெசவாளர் கேட்டார். மோரிஸ் திருடவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் எது தன் பணம், எது ஊர்ப் பணம் என்று கோடு போட அவருக்குத் தெரியவே இல்லை. தன் பெயரால் அரசாங்கத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு அந்தக் கோடு அநாவசியமாகத் தெரிந்திருக்கும்.

அந்த முறை மோரிஸ் பக்கம் தோற்றது. அடுத்த தேர்தலில் அவர் அணிக்குப் பலம் கூடி, 1787 மார்ச்சில் சாசனம் திரும்பக் கிடைத்தது. ஆனால் 14 ஆண்டுக்கு மட்டும், மூலதனத்துக்கும் 20 லட்சம் டாலர் உச்சவரம்போடு. ஃபிண்ட்லியின் ஆட்கள் சண்டை போட்டதன் பலன் அந்த நிபந்தனைகளில் தெரிகிறது.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர் எப்படி திவாலானார்?

நிலம். ஒரே சொல்லில் அதுதான்.

செனட்டராக இருந்த 1789 முதல் 1795 வரை, அதற்கப்புறமும், கண் மூடிக்கொண்டு காடும் மனையுமாக வாங்கினார். முதலில் நன்றாகவே போயிற்று. நியூயார்க்கின் மேற்கே வாங்கிய நிலத்தில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் டச்சு முதலீட்டாளர்களுக்கு விற்றார். ருசி கண்டுவிட்டது. ஜான் நிக்கல்சன், ஜேம்ஸ் கிரீன்லீஃப் என்ற இருவரோடு சேர்ந்து, புதிதாகக் கட்டப்போகும் தலைநகரில், இன்றைய வாஷிங்டனில், 6,000 மனைகளைத் தலா 80 டாலர் என்று பேசினார். 1795-இல் மூவரும் ஒரு நில நிறுவனம் தொடங்கினார்கள். அதன் கணக்கில் 60 லட்சம் ஏக்கர்.

வாங்கியதெல்லாம் தவணையில். குடியேறிகள் வந்து விலை ஏறும், ஆம்ஸ்டர்டாமில் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். ஐரோப்பாவில் போர் மூண்டு, பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்ததும் டச்சுக் கடன் போயிற்று. நிலம் இருக்கிறது, வரி வருகிறது, வாங்க ஆளில்லை. அப்போது அவரும் நிக்கல்சனும் செய்ததைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது: ஒருவர் புரோநோட்டுக்கு மற்றவர் மேலொப்பம் போட்டு மாற்றி மாற்றி சந்தையில் விட்டார்கள். இரண்டு கடனாளிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன். எங்கள் கிளையில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் கடைநிலை எழுத்தரே திருப்பி அனுப்பியிருப்பார். அவற்றில் இருந்ததும் அதே ராபர்ட் மோரிஸ் கையெழுத்துதான். டாலருக்குச் சில சென்ட் என்று விலை போயிற்று.

இதற்கு நடுவே செஸ்நட் தெருவில் பளிங்கு மாளிகை ஒன்று. தலைநகருக்கு வரைபடம் போட்ட பியர் லான்ஃபான் வடிவமைத்தது. கட்டி முடியவே இல்லை, கடைசியில் இடித்துக் கல்லையும் செங்கல்லையும் விற்றார்கள்.

1797-இல் பணமுடை எல்லாரையும் பிடித்தது. மோரிஸ் ஷூயில்கில் ஆற்றங்கரையில் இருந்த தன் வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வீட்டுக்குள் புகுந்தால்தான் கைது செய்யமுடியும் என்பதால் கடன்காரர்களின் ஆட்கள் வெளியே காவல் கிடந்தார்கள். 1798 பிப்ரவரியில் பிடித்துப் புரூன் தெருக் கடனாளிகள் சிறையில் போட்டார்கள். கடன் ஏறக்குறைய 30 லட்சம் டாலர்.

கேள்வி: மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டுத் தப்பித்திருக்கலாமே?

அதற்குச் சட்டம் வேண்டுமே. நாடு முழுவதற்குமான திவால் சட்டம் 1800-இல்தான் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1801 ஆகஸ்டில் வெளியே வந்தார். மூன்றரை ஆண்டு உள்ளே. கூடச் சிறையிருந்த வில்லியம் உட் என்ற நடிகர் அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: கையில் கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு சிறை முற்றத்தைச் சுற்றி நடப்பார், ஒரு சுற்று முடிந்தால் ஒரு கல்லைப் போடுவார், கல் தீரும்வரை நடப்பார். 1798 நவம்பரில் வாஷிங்டன் பிலடெல்பியாவுக்கு வந்தபோது அந்தச் சிறைக்கே போய் அவரோடு சாப்பிட்டார். நிக்கல்சனுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை, 1800-இல் சிறையிலேயே இறந்தார்.

கேள்வி: மனைவி மேரியின் கதி என்ன ஆயிற்று?

அந்தக் குடும்பம் பிழைத்ததே அவரால்தான். டச்சுக்காரர்களுக்கு விற்ற நியூயார்க் நிலத்தில் மனைவிக்கு இருந்த விதவைப் பங்கு உரிமையை விட்டுக்கொடுக்க மேரியின் கையெழுத்து தேவைப்பட்டது. நண்பர் கவர்னியர் மோரிஸ், பெயர் ஒன்றானாலும் உறவில்லை, அதற்கு ஈடாக அவர் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 1,500 டாலர் வாங்கிக் கொடுத்தார். சிறையிலிருந்து வந்த கணவர் சிறிய வீட்டில் அந்தப் பணத்தில்தான் வாழ்ந்தார். 1806 மே மாதம் இறந்தார். அவர் உயிலில் மகன் ராபர்ட்டுக்கு எழுதிவைத்தது தங்கக் கடிகாரம் ஒன்று, தன் அப்பாவிடமிருந்து தனக்கு வந்தது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். தேர்வுக்கு எழுதுவதானால் மோரிஸைத் தியாகி என்று எழுதவா, சுயநலக்காரர் என்று எழுதவா ஐயா?

தம்பி, இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும், விஷயம் கிடைக்காது. 1781-ஐயும் 1786-ஐயும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். நாடு வாங்கிய கடனுக்குத் தன் பெயரைக் கொடுத்தார், அதில் பயமும் இருந்தது, துணிவும் இருந்தது. பிறகு தன் வங்கிக்காக மாநிலச் சட்டமன்றத்தில் நின்று பேசினார். முதலாவதைச் செய்த நெஞ்சுதான் இரண்டாவதையும் செய்தது. அவருக்கு நான் மரியாதை தருவேன், ஓட்டு ஃபிண்ட்லிக்குப் போடுவேன்.

கேள்வி: அந்த நெசவாளர் பிற்பாடு என்ன ஆனார்?

(இது முந்தைய கேள்விக்கான பதிலை அச்சுக்கு முன் படித்த எங்கள் பிழைதிருத்துநர் கேட்டது.) 1787-இல் புது அரசியல் சட்டம் வந்தபோது, குடிமக்களின் உரிமைகள் அதில் எழுதப்படவில்லை என்று எதிர்த்தார். அது நிறைவேறியபின் அதன் கீழேயே தேர்தலில் நின்றார். 1791-இல் அமெரிக்கக் காங்கிரஸின் கீழவைக்குப் போனார். நடுவில் நாலு ஆண்டு தவிர 1817 வரை அங்கேயே இருந்தார். சபையின் தந்தை என்ற மரியாதைப் பெயர் முதலில் கிடைத்தது அவருக்குத்தான். மோரிஸ் செனட்டில் இருந்த காலத்தில் நாலு ஆண்டு இருவரும் ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில், மேல்மாடியிலும் கீழ்த்தளத்திலுமாகச் சபை நடத்தினார்கள்.